அக்ராவிலிருந்து வந்த கோல்காவலர்: ஆர்தர் வார்ட்டன்

ஸ்டம்ஃபர்டு பிரிட்ஜ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது செல்சி குழுவின் நீலச் சட்டைதான். ஆனால் செல்சி தோன்றியது 1905ஆம் ஆண்டில். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் அந்தத் திடல் இருந்தது. அப்போது அது ஓட்டப் பந்தயங்களுக்கான இடம்.

1886ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி அங்கே இங்கிலாந்தின் அமெச்சூர் திடல்தட வெற்றியாளர் போட்டி நடந்தது. 100 கெஜ ஓட்டத்தில் கூட்டத்தின் கண்கள் ஓர் இளைஞர் மீது நிலைத்தன. மெலிந்த உடல், கறுத்த நிறம். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட், அதாவது இன்றைய கானா, அவருடைய ஊர். இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவர் 10 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். அன்றைய அமெச்சூர் ஓட்டக்காரர்களின் உலகச் சாதனைக்கு இணையான நேரம் அது. 100 கெஜம் என்பது 91.44 மீட்டர். இன்றைய 100 மீட்டரைவிட எட்டரை மீட்டர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இன்றைய செயற்கை ஓடுதளம் அப்போது இல்லை, காலை ஊன்றிக் கிளம்பும் கட்டையும் இல்லை. நேரத்தைக் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் குறித்தார்கள்.

அந்த இளைஞர் ஆர்தர் வார்ட்டன். அப்போது அவருக்கு வயது 20. நம்மில் பலருடைய வயதுதான். மறு ஆண்டும் அதே பட்டத்தை அவரே வென்றார்.

இன்று அவரை ஓட்டக்காரராக நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் காற்பந்து விளையாட்டாளர் என்றுதான் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவருக்கு முன்பே கறுப்பினத்தவர் பிரிட்டனில் காற்பந்து ஆடியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவின் டெமராராவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன் 1881இலேயே ஸ்காட்லாந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் அவர் பெயர் பெற்றது அமெச்சூர் ஆட்டக்காரராக. காற்பந்தையே பிழைப்பாக எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் செய்து, சம்பளம் வாங்கி ஆடியவர் என்று வரும்போது பட்டியலில் முதலில் எழுதப்படுவது வார்ட்டனின் பெயர். இந்த 'சம்பளம் வாங்கி' என்ற இரண்டு சொற்கள் அவருடைய வாழ்க்கையை எப்படிப் புரட்டிப்போட்டன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1865ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி அக்ராவின் ஜேம்ஸ்டவுன் பகுதியில் அவர் பிறந்தார். கஷ்டப்பட்ட குடும்பம் என்று நினைத்துவிட வேண்டாம். தந்தை ஹென்றி வார்ட்டன், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் போதகர். ஸ்காட்லாந்து ரத்தமும் ஆப்பிரிக்க ரத்தமும் கலந்த வழியில் வந்தவர். தாய் ஆனி ஃபுளோரன்ஸ் எகிரிபா, ஃபான்டி இனத்தின் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய்வழியிலும் ஸ்காட்லாந்து வணிகர் ஒருவரின் தொடர்பு உண்டு. படிப்பு, வணிகம், சமய ஊழியம், சமூக மதிப்பு எல்லாம் சேர்ந்த கடற்கரைக் குடும்பம் அது. ஆர்தர் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார்.

இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளைப் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்புவது அங்கே வழக்கம். ஆர்தரும் சிறுவயதில் சில ஆண்டுகள் லண்டனில் படித்துவிட்டு ஊர் திரும்பினார். பிறகு 1882இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். தந்தையைப் போல் போதகராகவோ ஆசிரியராகவோ ஆக வேண்டும் என்பது திட்டம். முதலில் ஸ்டஃபர்ட்ஷியர் மாநிலத்தின் கேனக் ஊரில் ஒரு மெதடிஸ்ட் கல்லூரி. 1884இல் டார்லிங்டன் நகரிலிருந்த கிளீவ்லாந்து கல்லூரி. ஆனால் படிக்க வந்த இடத்தில் கால்கள் வேறு வழியில் இழுத்தன. ஓட்டம், காற்பந்து, கிரிக்கெட், மிதிவண்டி என்று எதைத் தொட்டாலும் அவருக்குக் கைவந்தது. பிரஸ்டன், பிளாக்பர்ன் நகரங்களுக்கு இடையே மிதிவண்டி ஓட்டி அவர் சாதனை நேரம் பதித்ததும் உண்டு. போதகர் படிப்பு மெல்ல மெல்லக் கைநழுவியது. எஸ்பிஎம் முடித்த பிள்ளை 'பந்து விளையாடப் போகிறேன்' என்று சொன்னால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அக்ராவிலிருந்த அந்தக் குடும்பம் இதை எப்படி ஏற்றுக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

டார்லிங்டன் குழுவில் அவர் நின்ற இடம் கோல் வாயில். அவ்வளவு வேகமாக ஓடுபவரை ஏன் கோல்காவலராக நிறுத்தினார்கள்? இந்தக் கேள்வி யாருக்கும் எழும். அதற்கு அன்றைய காற்பந்து எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

அக்காலக் கோல்காவலர் பந்தைத் தம் பாதித் திடல் முழுவதும் கையால் தொடலாம். இந்த விதி 1912இல்தான் மாறியது. இன்று நாம் பார்க்கும் தண்டனைப் பகுதிக் கோடுகள் திடலில் கிடையாது. எனவே, வேகமாக முன்னேறி வந்து பந்தைக் கைப்பற்றும் கோல்காவலர் குழுவுக்குப் பெரிய பலம். ஆனால் அந்த வேலையில் ஆபத்தும் அதிகம். பந்தைப் பிடித்திருக்கும் கோல்காவலரைத் தோளால் இடித்து, பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளினாலும் அது கோல்தான். கோலுக்குப் பின்னால் வலை கட்டும் வழக்கமே 1891இல்தான் வந்தது. கையுறை எல்லாம் பிற்கால வசதி. ஆகவே பந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதைவிடக் குத்தி அனுப்புவதே பாதுகாப்பு. வார்ட்டனின் குத்து மிகப் பலமானது என்று அப்போதைய பத்திரிகைகள் எழுதின. சில வேளை பந்தைத் தவறவிட்டாலும் அந்தக் குத்து எதிராளியைத் தவறவிடாதாம்.

அவருடைய ஆட்டத்தில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. கோலின் நடுவில் நிற்காமல் ஓரக் கம்பத்தின் அருகே குந்தி உட்கார்ந்திருப்பார். எதிரணி ஆட்டக்காரர் இடம் காலியாக இருக்கிறது என்று நினைத்து உதைக்கத் தயாராகும் கடைசி நொடியில் பாய்ந்து வருவார். பத்து விநாடியில் நூறு கெஜம் ஓடக்கூடியவருக்குத்தான் இந்த விளையாட்டு கைகூடும். பார்க்க வந்தவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவர் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1942இல், ஷெஃபீல்டு பத்திரிகை ஒன்றுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். தம் இளமையில் பார்த்த ஓர் ஆட்டத்தில் வார்ட்டன் எம்பிக் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினார், பந்தைக் கால்களுக்கு இடையே பிடித்துக்கொண்டார், அதனால் பாய்ந்து வந்த மூன்று ஆட்டக்காரர்கள் நிலைதடுமாறி வலைக்குள் விழுந்தார்கள் என்று அந்தக் கடிதம் சொன்னது. ஐம்பது ஆண்டு இடைவெளியில் இந்த நினைவுக்குக் கொஞ்சம் கை, கால் முளைத்திருக்கலாம். ஆனால் அந்த நாள் கோல்காவலர்கள் எத்தனையோ பேர் மறந்து போக, ஒரு முதியவருக்கு அரை நூற்றாண்டு கழித்தும் இவர் நினைவில் நின்றிருக்கிறார்.

எல்லாரும் ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. 1887இல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை, கோல் வாயில் என்ன கூத்தடிக்கும் இடமா என்ற பாணியில் அவரைச் சாடியது. ஆட்டத்தைக் குறை சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். அவருடைய நிறத்தையும் அறிவையும் சேர்த்து இழிவுபடுத்தியது. அந்தச் சொற்களை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. வெள்ளைக்கார ஆட்டக்காரர் அதே வேடிக்கையைச் செய்திருந்தால் அவருடைய தோலைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதே காலத்தில் வேறு சிலர் அவரை இங்கிலாந்துக் குழுவுக்கே தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதினார்கள். அந்த அழைப்பு கடைசிவரை வரவில்லை.

1886இல் பிரஸ்டன் நார்த் எண்ட் குழு அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது. இன்று அந்தக் குழுவின் பெயர் நமக்குப் பெரிதாகத் தோன்றாது. அன்று நிலைமை வேறு. நாட்டிலேயே மிக வலிமையான குழுக்களில் ஒன்று பிரஸ்டன். ஸ்காட்லாந்திலிருந்து திறமைசாலிகளைத் தேடிப் பிடித்து வந்து ஆட வைத்தது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றி எழுந்த பெரிய சண்டையில் முன்னணியில் நின்றதும் அதுதான். அந்தச் சண்டையின் முடிவில், 1885இல், காற்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தது. 1886-87 பருவத்தில் வார்ட்டனைக் கோல்காவலராகக் கொண்டு பிரஸ்டன் எஃப்ஏ கிண்ண அரையிறுதிவரை சென்றது. அங்கே வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் குழுவிடம் 3-1 என்று தோற்றது.

இனிதான் அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் வருகிறது. 1888இல் வார்ட்டன் பிரஸ்டனை விட்டு விலகினார். ஓட்டத்தில் முழுக் கவனம் செலுத்துவது என்று முடிவு செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 12 குழுக்கள் சேர்ந்து உலகின் முதல் காற்பந்து லீக் போட்டியைத் தொடங்கின. அந்த முதல் பருவத்தில் பிரஸ்டன் 22 ஆட்டங்களில் 18இல் வென்றது, 4இல் சமநிலை கண்டது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. அந்தக் கிண்ணப் போட்டி முழுவதிலும் ஒரு கோலும் விடவில்லை. வெல்ல முடியாதவர்கள் என்று அந்தக் குழுவுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2003-04 பருவத்து ஆர்சனல் குழுவை நாம் அதே பெயரில் அழைக்கிறோமே, அந்தப் பட்டத்தின் முதல் சொந்தக்காரர்கள் இவர்கள். அந்தப் படத்தில் இருந்திருக்க வேண்டிய வார்ட்டன் இல்லை.

இதைப் படிக்கும்போது, 'சே, இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா' என்று தோன்றும். பின்னால் வந்ததைத் தெரிந்துகொண்டு பேசுவது சுலபம். அந்த இடத்தில் நின்று யோசித்தால் அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை. லீக் என்ற ஒன்று அதுவரை உலகத்தில் எங்குமே இருந்ததில்லை. அது நிலைக்குமா என்றே யாருக்கும் தெரியாது. ஓட்டத்திலோ அவர் இரண்டு முறை நாட்டின் வெற்றியாளர். தொழில்முறை ஓட்டத்தில் ஒரே பந்தயத்தில் கிடைக்கக்கூடிய பணம், தொழிலாளி ஒருவர் மாதக்கணக்கில் உழைத்தாலும் கிடைக்காதது. கைக்குத் தெரிந்த பெரிய தொகையை விட்டுவிட்டு, பிறக்காத லீக்கை நம்பி யார் உட்கார்ந்திருப்பார்கள்?

இங்கே அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது அமெச்சூர் என்றால் கற்றுக்குட்டி என்ற பொருளில் பேசுகிறோம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் அது கௌரவப் பட்டம். பணத்துக்காக அல்லாமல் விளையாட்டுக்காகவே விளையாடும் கனவான்தான் அமெச்சூர். 1866இல் தொடங்கிய அமெச்சூர் திடல்தடக் கழகம், கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் போட்டியில் சேர்க்கவே கூடாது என்று விதி வைத்திருந்தது. 1880இல் உருவான புதிய சங்கம் அந்த வர்க்கத் தடையை நீக்கியது. ஆனால் பணத் தடை அப்படியே நீடித்தது. ஒருமுறை பணத்துக்காக ஓடிவிட்டால், பிறகு அமெச்சூர் போட்டியில் இடமில்லை. போனவர் திரும்ப முடியாது.

வார்ட்டன் கல்லூரி மாணவர், போதகர் மகன். அதனால் 1886இல் கனவான்களின் வரிசையில் நின்று ஓட முடிந்தது. ஆனால் கனவானாக இருக்கக் காசு வேண்டும். சொத்தோ வேலையோ இருப்பவர்தான் கிண்ணத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியும். ஆப்பிரிக்காவிலிருந்து தனியாக வந்து, படிப்பையும் முடிக்காமல் நிற்கும் இளைஞருக்கு அலமாரிக் கிண்ணம் எத்தனை நாளைக்குச் சோறு போடும்?

1888 செப்டம்பரில் ஷெஃபீல்டு நகரின் குவீன்ஸ் திடலில் நடந்த தொழில்முறை ஓட்டப் பந்தயத்தில் அவர் கலந்துகொண்டு வென்றார். அப்போது ஷெஃபீல்டு அந்தப் பந்தயங்களுக்குத் தலைநகர் மாதிரி. வேகம் குறைந்தவர்களைச் சில கெஜம் முன்னால் நிறுத்தி, எல்லாரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும்படி கணக்குப் பார்த்து ஓடவிடுவார்கள். யார் வெல்வார் என்பது தெரியாமல் இருந்தால்தான் சூதாட்டம் சூடு பிடிக்கும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பந்தயம் கட்டக் கூடுவார்கள். ஸ்டம்ஃபர்டு பிரிட்ஜின் கனவான் கூட்டம் எங்கே, இது எங்கே! வார்ட்டன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை முழுவதும் இங்கிலாந்தின் வட பகுதித் தொழிலாளர் நகரங்களில்தான்.

1889இல் ரோதர்ஹாம் டவுன் குழு அவரோடு தொழில்முறை ஒப்பந்தம் செய்தது. வரலாற்றில் அவருக்கு இடம் தந்த கையெழுத்து இதுதான். ஐந்து ஆண்டுகள் அங்கே ஆடினார். 1890இல் எம்மா லிஸ்டர் என்ற பெண்ணை மணந்தார். ரோதர்ஹாமில் மதுக்கடைகளையும் நடத்தினார். ஆல்பர்ட் டாவர்ன், பிளவ் இன் என்பவை அந்தக் கடைகளின் பெயர்கள். அன்றைய காற்பந்து விளையாட்டாளர்கள் பலரும் இந்தத் தொழிலைச் செய்தார்கள். பெயர் தெரிந்தவர் கடை வைத்தால் ரசிகர்கள் வருவார்கள். மதுவை அடியோடு வெறுத்த மெதடிஸ்ட் போதகர்கள் பலர் வாழ்ந்த காலத்தில், அப்படி ஒரு போதகரின் மகன் மதுக்கடையின் பின்னால் நின்றார் என்பதை நினைக்கும்போது, அக்ராவிலிருந்து அவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று புரிகிறது.

1893இல் அவர் அக்ரா பக்கம் திரும்பிப் பார்த்தார். கோல்ட் கோஸ்ட் காலனி அரசாங்கத்தில் வேலை கேட்டு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 27. ஆங்கிலப் படிப்பு இருந்தது. அந்த ஊரில் பிறந்தவர், அங்கே செல்வாக்குள்ள குடும்பம். தகுதிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விளையாட்டை வைத்துப் பிழைத்தவர் அரசாங்க அதிகாரி பதவிக்குப் பொருந்த மாட்டார் என்று காரணம் காட்டப்பட்டது.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசு தன் காலனிகளுக்கு அனுப்பிய இளம் அதிகாரிகளில், பல்கலைக்கழகத்தில் துடுப்புப் படகோ கிரிக்கெட்டோ ஆடிப் பெயர் வாங்கியவர்களை மெச்சியது. விளையாட்டுத் திறமை தலைமைத்துவத்தின் அடையாளம் என்று அதைப் பார்த்தார்கள். அதே விளையாட்டை ஒரு கறுப்பினத்தவர் கூலிக்கு ஆடினால் அது இழுக்கு. நிறம் பாதி, கூலி பாதி என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அவருக்கு வழியை அடைத்தன. ஊருக்குத் திரும்பும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது. அவர் கானாவில் குடியேறவே இல்லை.

1894இல் முதல் டிவிஷனில் ஆடிய ஷெஃபீல்டு யுனைடெட் அவரைச் சேர்த்துக்கொண்டது. இது உயர்வு மாதிரி தெரியும். சிக்கல் என்னவென்றால், அதே ஆண்டு அந்தக் குழு இன்னொரு கோல்காவலரையும் வாங்கியிருந்தது. பெயர் வில்லியம் ஃபோல்க். இருபது வயது, ஆறடிக்கும் மேல் உயரம். பிற்காலத்தில் 130 கிலோவையும் தாண்டிய உடம்பு. இங்கிலாந்துக் காற்பந்து வரலாற்றிலேயே மிகவும் வேடிக்கையாகப் பேசப்படும் கோல்காவலர் அவர்தான். எதிரணி ஆட்டக்காரர் தோளால் இடித்துக் கோலுக்குள் தள்ளலாம் என்று விதி இருந்த காலத்தில், அந்த மலையை யார் தள்ளுவது? வார்ட்டனுக்கு வயது 29 ஆகியிருந்தது. அவர் பெரும்பாலும் ஃபோல்குக்கு மாற்று ஆளாகவே காத்திருந்தார். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய லீக் ஆட்டம் ஒன்றே ஒன்று. 1895 பிப்ரவரியில், அவ்வாண்டு வெற்றியாளரான சண்டர்லாந்துக்கு எதிராக. இங்கிலாந்தின் உயர்ந்த பிரிவில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆடிய முதல் லீக் ஆட்டம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். அன்று அதை யாரும் வரலாறாக நினைத்திருக்க மாட்டார்கள். மாற்றுக் கோல்காவலர் வந்தார், ஆடினார், போனார்.

அதன் பிறகு பெயர்கள் மட்டும் மாறுகின்றன. மறுபடியும் ரோதர்ஹாம், ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட், மறுபடியும் ஸ்டேலிபிரிட்ஜ். கடைசியாக 1901-02 பருவத்தில் இரண்டாம் டிவிஷனில் ஆடிய ஸ்டாக்போர்ட் கவுண்டி. சில வேளை கோல் வாயிலை விட்டு ஓரப் பகுதித் தாக்குதல் ஆட்டக்காரராகவும் இறங்கினார். கோடை வந்தால் யார்க்‌ஷியர், லங்காஷியர் வட்டாரக் குழுக்களுக்காகக் கிரிக்கெட். 1902இல், 36 வயதில், காற்பந்தை விட்டார். அதற்குள் குடிப்பழக்கம் அவரைப் பிடித்திருந்தது.

விளையாட்டை விட்ட பிறகு என்ன செய்தார்? மற்றவர்கள் செய்ததையே செய்தார். அன்றைய ஆட்டக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது, பயிற்றுநர் வேலை என்பது விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான். 1901இல் காற்பந்துச் சங்கம் வாரச் சம்பளத்துக்கு 4 பவுன் என்று உச்சவரம்பே விதித்திருந்தது. எவ்வளவு புகழ் பெற்றவரும் அதற்கு மேல் வாங்கக் கூடாது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் பலரும் வறுமையில்தான் முடிந்தார்கள். ஆகவே வார்ட்டனின் பிற்காலத்துக்கு நிறத்தை மட்டுமே காரணமாகச் சொல்வது சரியாகாது. ஆனால் மற்றவர்களுக்குப் போக இடமாவது இருந்தது, சொந்த ஊர், சொந்த மக்கள் என்று. இவருக்குச் சொந்த ஊரின் அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதே.

அவர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். தென் யார்க்‌ஷியரில் டான்காஸ்டர் அருகே எட்லிங்டன் என்ற சுரங்க ஊர். அங்கிருந்த யார்க்‌ஷியர் மெயின் சுரங்கத்தில் அவருக்கு வண்டி இழுக்கும் வேலை. நிலக்கரியை வெட்டுபவர்கள் வேறு. வெட்டிய கரியை ஏற்றிய சிறு வண்டிகளைச் சுரங்கத்தின் தண்டவாளங்களில் நகர்த்திக் கொண்டுபோவது இவருடைய பணி. வெட்டுபவர்களைவிடக் கூலி குறைவு. வெளிச்சமில்லாத, தூசு நிறைந்த பாதையில், ஒரு காலத்தில் நூறு கெஜத்தைப் பத்து விநாடியில் கடந்தவர் கரி வண்டிகளோடு நடந்தார். எட்லிங்டனில் அவரோடு வேலை செய்தவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய பழைய கதை தெரிந்திருக்கும்?

1930ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் தேதி, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களால் நெடுநாள் அவதிப்பட்டு, 65 வயதில் அவர் இறந்தார். எட்லிங்டன் இடுகாட்டில் மூன்றாம் வகுப்புக் குழி ஒன்றில் புதைத்தார்கள். அதாவது கல் வைக்கக் காசில்லாதவர்களுக்கான இடம். அந்த மண்மேட்டின் மேல் பெயர்கூட எழுதப்படவில்லை.

அடுத்த அறுபது ஆண்டுகளில் இங்கிலாந்துக் காற்பந்தில் கறுப்பின ஆட்டக்காரர்கள் பலர் வந்தார்கள். 1978இல் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்தின் மூத்தோர் குழுவில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். அதே காலத்தில் ரசிகர் கூட்டத்திலிருந்து வாழைப்பழத்தோலும் குரங்குச் சத்தமும் அவர்களை நோக்கி வந்தன. கறுப்பினத்தவர் இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்து நுழைந்தவர்கள் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. வார்ட்டனின் பெயர் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. உலகின் முதல் லீக் பிறப்பதற்கு முன்பே கோல் வாயிலில் குந்தி உட்கார்ந்திருந்தவர் அவர்.

அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்ததில் வரலாற்றாசிரியர் ஃபில் வாசிலிக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் தோண்டி எடுத்து அவர் எழுதிய வரலாறு 1998இல் நூலாக வந்தது. காற்பந்தில் இனவெறியை எதிர்த்து ஷெஃபீல்டில் தொடங்கிய ஓர் அமைப்பு, வார்ட்டனின் குழியைத் தேடிக் கண்டுபிடித்துக் கல் நட வேண்டும் என்று பணம் திரட்டியது. 1997இல் கல் நடப்பட்டது. 2003இல் இங்கிலாந்துக் காற்பந்து அரும்பொருளகத்தின் புகழ்மிக்கோர் பட்டியலில் அவருடைய பெயர் சேர்ந்தது. 2014இல், இங்கிலாந்துத் தேசியக் குழு பயிற்சி செய்யும் செயின்ட் ஜார்ஜஸ் பார்க் நிலையத்தில் அவருக்கு ஆளுயரத்தைவிடப் பெரிய வெண்கலச் சிலை எழுந்தது. எம்பிக் குதித்து, ஒரு கையை நீட்டி, பந்தைக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிடும் கோலத்தில் சிலை நிற்கிறது. அவரை ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்காத தேசியக் குழுவின் ஆட்டக்காரர்கள் இப்போது பயிற்சிக்கு வரும் இடம் அது.

அவர் வேலை செய்த யார்க்‌ஷியர் மெயின் சுரங்கம் 1985இல் மூடப்பட்டுவிட்டது. இடுகாட்டில் அந்தக் கல் இருக்கிறது.